மரத்தூளுக்கும் ஒரு இடம் வேண்டும்

அண்மையில் மூதூர் கிழக்கில் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் வளவுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் பரம்பரை விவசாயி. 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, ஊர் திரும்பியபோது வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை, மாடும் இல்லை. இப்போது வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரக் கொட்டிலில் கதவு, யன்னல், கதிரை செய்து பிழைக்கிறார். ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவியாகக் கொடுத்த மின்சார இயந்திரங்களில் ஒன்று பலகையை மினுக்கும் சாண்டர் மெஷின். நான் போன நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது. கொட்டிலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு சாக்குப் படங்குதான் மறைப்பு. உள்ளே மனைவி சமைத்துக்கொண்டிருந்தார். விறாந்தை வளையில் கட்டிய ஏணையில் கைக்குழந்தை தூங்கியது. ஏணைச் சேலையில் மஞ்சள் மா தூவினாற்போல முதிரைத் தூள் படிந்திருந்தது.

"பிள்ளைக்கு இருமல் விடுகுதில்லை பாதர்" என்றார் தாய். "தூள் ஒத்துவரவில்லையோ?" என்று கேட்டேன். "அது மரத்தூள் தானே பாதர், நஞ்சோ?" என்றார் தகப்பன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் அவருக்கு ஆளியைப் போடவும் சாண்ட் பேப்பரை மாற்றவும் காட்டிக்கொடுத்தார்கள். தூள் எங்கே போகும், அதை எப்படிப் பிடிப்பது, எங்கே சேர்ப்பது என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எமது மாவட்டத்தில் வயலை இழந்து தச்சுக்கு வந்த குடும்பங்கள் பல. ஆகவே அந்தத் தகப்பனின் கேள்விக்கு இங்கே பதில் சொல்ல விரும்புகிறேன். என் கருத்து இதுதான்: தூசியைப் பிடிப்பதும் சேர்த்துவைப்பதும் வேலை முடிந்தபின் செய்யும் துப்புரவு அல்ல, வேலையின் ஒரு பகுதி. இயந்திரம் கொடுப்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு, பாவிப்பவருக்கும் உண்டு.

மரத்தூள் என்ன செய்யும்?

சீவுளி போட்டால் சுருள் சுருளாகச் சீவல் விழும். வாள் அறுத்தால் பருந்தூள் காலடியில் கொட்டும். இவை பெரிய தீங்கு செய்வதில்லை. சாண்டர் மெஷின் தருவது வேறு. அது மரத்தை மாவாக அரைக்கிறது. அந்த மாவில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத பகுதி நெஞ்சறை வரை இறங்கும். மெஷினை நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் காற்றில் மிதக்கும். "தூள் அடங்கிவிட்டது" என்று நாம் நினைத்து முகத்துணியைக் கழற்றும் நேரத்தில்தான் அதை நன்றாக உள்ளே இழுக்கிறோம்.

இது புதிய விடயமல்ல. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் "உன் தொழில் என்ன?" என்று வைத்தியர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் கதிரை செய்வதற்குப் பேர்போனது. அங்கே 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர், மூக்கில் வரும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதைக் கவனித்தார். டொனல்ட் அச்சிசன் முதலிய ஆய்வாளருடன் சேர்ந்து அவர் 1968இல் அதை வெளியிட்டார். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது.

எவரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்தப் புற்றுநோய் அரிது. பல ஆண்டுகள் தூசியில் நின்றவர்களுக்கே வருவது. எம்மவருக்கு நாளாந்தம் வருவது தும்மல், மூக்கடைப்பு, கண்ணெரிவு, இழுப்பு, தோற்கடி. முதிரை மரத்தூள் தோலில் கடியையும் சிவப்பையும் உண்டாக்கும் என்பது அனுபவசாலியான ஓடாவிமாருக்குத் தெரியும். தேக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஏற்கனவே இழுப்பு உள்ள பிள்ளைக்கு எந்த மரத்தூளும் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் வன்மரத் தூளுக்கு எட்டு மணி நேர வேலைக்கான எல்லை ஒரு கன மீற்றர் காற்றில் 2 மில்லிகிராம். ஒரு நெல்மணியின் நிறை ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிகிராம். அதாவது ஒரு மீற்றர் நீள, அகல, உயரமுள்ள பெட்டியளவு காற்றில் ஒரு நெல்மணியின் பத்தில் ஒரு பங்கு தூள் இருந்தாலே எல்லை வந்துவிட்டது. ஏணைச் சேலையில் விரலால் கோடு கிழிக்கக்கூடிய அளவுக்குத் தூள் படிந்தால் கணக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

பழைய கதவில் இன்னொரு ஆபத்து

மீளக்குடியேறிய இடங்களில் இன்னொன்றையும் காண்கிறேன். உடைந்த வீடுகளில் மிஞ்சிய கதவு, யன்னல், வளைகளை எடுத்து மினுக்கி மறுபடி பாவிக்கிறார்கள். சிக்கனமான, நல்ல காரியம். ஆனால் அந்தக் கதவுகளின் பழைய பெயின்றில் ஈயம் கலந்திருக்கலாம். பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதி இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போனதை மருந்தால் மீட்க முடியாது. ஆகவே பழைய பெயின்றை மெஷின் போட்டு உரைக்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக் கையால் சுரண்டுங்கள். கீழே பழைய சாக்கை விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஆணியில் மெஷின் பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறி தூள்பையில் விழுந்து மணிக்கணக்காகப் புகைந்து இரவில் தீயாகலாம்.

பொலி தூற்றியவருக்குத் தெரிந்த வித்தை

தூசி பிடிக்கும் கருவி என்றால் பெரிய தொழிற்சாலைச் சாமான் என்று எண்ண வேண்டாம். அதன் சூட்சுமம் விவசாயிக்குத் தெரிந்ததுதான். சூடடித்து முடிந்ததும் காற்றுப் பார்த்துப் பொலி தூற்றுகிறோம். நெல் பாரம், காலடியில் விழுகிறது. பதர் இலேசு, காற்றோடு போகிறது. தூசியைப் பிரிப்பதும் இதே நியாயத்தில்தான்.

வெற்றுப் பெயின்ற் வாளி ஒன்றை, 20 லீற்றர் அளவில், தடித்ததாக எடுங்கள். மெல்லிய வாளி உறிஞ்சும்போது நசுங்கிவிடும். இறுக்கமான மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு பிளாஸ்ரிக் குழாய்களைப் பொருத்துங்கள். ஒன்று மூடியின் ஓரத்தில். அதன் உட்பக்கத்தில் ஒரு முழங்கைத் துண்டை மாட்டி, காற்று வாளியின் சுவரோடு சுழன்று ஓடும்படி திருப்பி வையுங்கள். மற்றது மூடியின் நடுவில். அது நேராகவும் கட்டையாகவும் இருக்கட்டும். ஓரக் குழாயைச் சாண்டர் மெஷினின் தூள்வாயோடும், நடுக் குழாயைத் தூசு உறிஞ்சும் மெஷினோடும் இணையுங்கள். தூளோடு வரும் காற்று வாளிக்குள் சுழலும். பாரமான தூள் சுவரில் உரசிக் கீழே விழும். நுண்தூள் மட்டும் காற்றோடு உறிஞ்சிக்குப் போகும். உறிஞ்சியின் வடி அடிக்கடி அடைபடாது. அதனால் அதன் இழுவையும் குறையாது.

குழாய்களின் வாய் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டிக் கம்பியால் இறுக்குங்கள். இடையில் காற்றுப் புகுந்தால் உழைப்பு வீண். குழாய் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது. உறிஞ்சி வெளிவிடும் காற்றிலும் நுண்தூள் இருக்கும். ஆகவே உறிஞ்சியைக் கொட்டிலுக்கு வெளியே, மழை படாத இறப்பின் கீழ், வீட்டுக்கு மறுபக்கமாக வையுங்கள்.

உறிஞ்சி வாங்க வசதியில்லாதவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பல சாண்டர் மெஷின்களின் அடித்தட்டில் துளைகள் உண்டு. சாண்ட் பேப்பரிலும் அதே இடத்தில் துளை இருந்தால்தான் தூள் மேலே ஏறிப் பைக்குள் போகும். கடையில் வாங்கிய முழுத்தாளை வெட்டித் துளையில்லாமல் ஒட்டுவதால்தான் பலருடைய பை வெறுமையாகக் கிடக்கிறது, தூளெல்லாம் முகத்தில் அடிக்கிறது. ஒரு தகட்டில் அச்சு எடுத்து வைத்துத் துளை போடுங்கள். செலவில்லாத திருத்தம் இது. பை பாதி நிரம்பும் முன்பே வெளியில் கொண்டுபோய்க் கொட்டுங்கள். வீட்டுச் சுவரில் அடித்துத் தட்டாதீர்கள்.

எல்லா வேலைக்கும் இந்த மெஷின் வேண்டுமா என்றும் கேளுங்கள். எமது பழைய ஓடாவிமார் சீவுளியால் இழைத்து, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி மினுக்கம் கொண்டுவந்தார்கள். சுரண்டினால் விழுவது மெல்லிய சீவல், மா அல்ல. முக்கால் வேலையைச் சீவுளியாலும் சுரண்டியாலும் முடித்துவிட்டுக் கடைசிக் கைக்கு மட்டும் மெஷினைத் தொட்டால் தூளும் குறையும், சாண்ட் பேப்பர்ச் செலவும் மின்கட்டணமும் குறையும்.

காற்றையும் கணக்கில் எடுப்போம்

எமது கரையில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு, தென்மேற்கிலிருந்து வீசும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். பட்டறையை வீட்டுக்குத் தென்மேற்கில் போட்டால் கச்சானும், வடகிழக்கில் போட்டால் வாடையும் தூளை வீட்டுக்குள் தள்ளும். ஆகவே வளவில் இடம் இருந்தால் கொட்டிலை வீட்டுக்கு வடமேற்கு அல்லது தென்கிழக்குப் பக்கமாக, கிணற்றையும் விட்டு விலக்கிப் போடுங்கள். நாலு பக்கமும் தகரம் அடைக்க வேண்டாம். இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். காற்று முதுகிலோ முகத்திலோ படாமல் பக்கவாட்டில் கடந்து போகும்படி நின்று வேலை செய்யுங்கள்.

முகத்தில் சால்வை கட்டுவது போதாது. கொவிட் காலத்தில் நாம் அணிந்த நீல நிற முகக்கவசமும் இந்த நுண்தூளை மறிக்காது, ஓரங்களால் உள்ளே வரும். என்-95 வகைக் கவசத்தை இரண்டு பட்டியும் தலைக்குப் பின்னால் வரும்படி, மூக்குக் கம்பியை அழுத்தி அணியுங்கள். தாடி இருந்தால் கவசம் பொருந்தாது. மெஷினை நிறுத்தியதும் உடனே கழற்ற வேண்டாம். தூளை விளக்குமாற்றால் வறட்டுக் கூட்டல் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சாரத்தோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து, சாரம் மாற்றி, பிறகு தூக்குங்கள்.

எங்கே வைப்பது?

தூளும் மெஷினும் ஓரிடத்தில் தூங்கக் கூடாது. வேலை முடிந்ததும் மின்செருகியைக் கழற்றி, பையை வெறுமையாக்கி, மெஷினைத் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வயரை இறுக்கிச் சுற்றாமல் வளையமாகச் சுருட்டுங்கள். மாரி ஈரத்தில் சாண்ட் பேப்பர் சுருண்டு மணல் உதிரும். பழைய பிஸ்கற் ரின்னில் தட்டையாக அடுக்கி, பருமன் வாரியாகப் பிரித்து வைத்தால் ஒரு தாளும் வீணாகாது.

தூளை மூடியுள்ள தகர ரின்னில், வீட்டுக்கும் அடுப்புக்கும் எட்ட வையுங்கள். காற்றில் பறக்கும் நுண்தூள் நெருப்பைக் கண்டால் வெடிக்கவும் கூடும். இங்கிலாந்தின் பொஸ்லி கிராமத்தில் மரமா ஆலை ஒன்று 2015 யூலை 17ஆம் திகதி வெடித்து நாலு பேர் இறந்தார்கள். வீட்டுப் பட்டறையில் அப்படிப் பெரிய வெடிப்பு நிகழ்வது அரிது. தீ அரிதல்ல. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கித் தூளுக்குள் எறிந்தால், எவரும் நெருப்பு வைக்காமலே அது தானாகச் சூடேறிப் பற்றும். அந்தத் துணியை வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

சேர்ந்த தூளை என்ன செய்வது? விவசாயிக்கு இங்கே ஒரு வரவு உண்டு. பச்சைத் தூளை நேராகப் பயிரடியில் போட்டால் அது உக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். மாட்டெரு, பச்சிலை, அடுப்புச் சாம்பலோடு கலந்து, ஈரமாக வைத்து, மாதக்கணக்காக உக்கவிட்டால் நல்ல பசளை. அறுத்த பருந்தூளை ரின்னில் இடித்து நிரப்பி நடுவே துளைவிட்டு எரிக்கும் தூளடுப்பும் எமக்குப் பழக்கமானதே. ஆனால் பெயின்ற் உரைத்த தூள், மருந்தடித்த மரத்தின் தூள், ஒட்டுப்பலகைத் தூள் ஆகியவற்றைப் பசளைக்கும் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள், ஆட்டுக்கொட்டிலிலும் பரப்பாதீர்கள். அவற்றுக்குத் தனி ரின் வையுங்கள்.

கொடுப்பவருக்கும் ஒரு சொல்

தொழிற்சாலைகளில் தூசியை அகற்ற வேண்டும் என்று எமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் தகரக் கொட்டிலில் மனைவி பிள்ளைகளோடு வேலை செய்பவரைத் தேடிப் பரிசோதகர் வருவதில்லை. அவர் எவருடைய தொழிலாளியும் அல்ல. நோய் வந்தால் நட்டஈடு கேட்க முதலாளியும் இல்லை. அப்படியானால் அவருக்காகக் கவலைப்பட வேண்டியவர் யார்? அவரைத் தச்சராக்கியவர்கள்தான்.

வாழ்வாதாரத் திட்டம் எழுதும் சகோதரர்களுக்கு, எம்மையும் சேர்த்தே சொல்கிறேன்: சாண்டர் மெஷின் என்று ஒரு வரி எழுதினால் அடுத்த வரியில் உறிஞ்சி, வாளி, குழாய், ஓராண்டுக்குப் போதிய முகக்கவசம் என்று எழுதுங்கள். அரைநாள் பயிற்சிக்கு மனைவியையும் அழையுங்கள். தூள் கலந்த காற்றை அவரும்தானே சுவாசிக்கிறார். இருபது குடும்பங்களுக்கு இருபது மெஷின் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, நாலைந்து குடும்பத்துக்கு ஒன்றாகக் குடிமனைக்கு வெளியே ஒரு மினுக்கும் கொட்டிலும் அதில் ஒரு நல்ல உறிஞ்சியும் அமைப்பது மேல். பலகையை வீட்டில் அறுத்துப் பொருத்தலாம், மினுக்குவதற்கு மட்டும் அங்கே கொண்டுபோகலாம். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்ட எமது மக்களுக்கு ஒரு கொட்டிலை முறைவைத்துப் பாவிப்பது கடினமல்ல.

"இத்தனை கரைச்சல் படுவதற்கு உழைப்பு எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் அந்த வறுமை தெரியும். ஒரு கதிரையின் விலைக்குள் கவசத்தையும் குழாயையும் அடக்குவது இலேசல்ல. ஆனால் வயல் போனபோது நாம் வழக்குப் பேசினோம், மனுக் கொடுத்தோம், வீதியில் இருந்தோம். சம்பூரில் 2015இலும் 2016இலும் ஒரு பகுதிக் காணி திரும்பவும் வந்தது. நெஞ்சறை கெட்டுப்போனால் மனுக் கொடுத்து மீட்க முடியாது. வயல் திரும்பும் நாளில் அதை உழ மூச்சு வேண்டும்.

அன்று அந்த வீட்டில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஏணையை அவிழ்த்து வீட்டின் மறுபக்கத்து வேம்பில் கட்டினோம். மெஷினின் தாளில் துளை போட்டோம். பை அன்றைக்கே முதல் தடவையாக நிரம்பியது. அதைத் திறந்து பார்த்த தகப்பன், "இவ்வளவும் எங்கட வீட்டுக்குள்ளயா பாதர் போனது?" என்று கேட்டார். உங்கள் வீட்டிலும் இந்தக் கிழமையே ஒருமுறை அந்தப் பையைத் திறந்து பாருங்கள்.